சாஃப்ட்வேரைக் கலக்கி முகந்த கதை

எனக்கு வயது அறுபத்தொன்பது. நான் வளர்த்தது இரண்டு பெண்கள், ஒரு பையன், பதினேழு மாடுகள். மாடுகளையும் சேர்த்துச் சொன்னதற்கு, இதை எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி மதுமிதா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பிள்ளைகள் பசித்தால் வாய்திறந்து கேட்டார்கள். மாடு கேட்காது. யாரை வளர்த்ததில் அதிக வேலை என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

மலையாள எல்லையை ஒட்டி, எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை பார்த்தேன். தற்காலிகம் என்று எழுதித்தான் எடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் முப்பத்து நான்கு வருஷம் நடந்தது. விட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் பக்கத்துச் சொசைட்டிகளிலிருந்து நான்கு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொசைட்டிகளும், மாட்டு டாக்டரை அழைக்கவும் சினைப் பதிவு வைக்கவும் போனிலேயே திறக்கிற வெப் தளம் ஒன்று எடுக்கப் போகின்றனவாம். கம்பெனிக்காரர்கள் வந்து காட்டியது எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, எதைப் பார்த்து ஒன்றை எடுப்பது, உங்கள் சொசைட்டியில் நீங்கள்தானே பார்த்துச் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னேன். எழுதியே கொடுங்கள், வருஷக் கூட்டத்தில் வாசிக்கிறோம் என்றார்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் நான் பஸ் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்ல, மது எழுதுகிறாள். பேச்சைப் பேச்சாகப் போடாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி போடு என்று சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன் கழுவினேன், தரை கழுவினேன், சாணிக் கால்களோடு வருகிற ஆட்களைத் திட்டினேன். அந்த இரண்டு வருஷத்தில் சொல்ல வேறொன்றும் இல்லை. மூன்றாம் வருஷம் மாதவன் சார் செக்ரட்டரியாக வந்தார். அவர்தான் என்னைச் சாம்பிள் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்.

மாதவன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையாளக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கலந்துபோனவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் “நோக்காம்” என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த நோக்காமுக்குள் ஆமாவும் இருக்கும், இல்லையும் இருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியை மடித்தால் இல்லை, துடைத்தால் ஆமா. எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிப்பார். முதல் தரம் எல்லோரையும் போல மேலிருந்து. இரண்டாம் தரம் அடியிலிருந்து மேலே, ஒவ்வொரு வரியாக. கெட்டதை எழுதுகிறவன் அடியில்தான் எழுதுவான் என்பது அவர் எண்ணம்.

முதல் நாள் நான் கேனைத் திறந்து அப்படியே முகந்து புட்டியில் ஊற்றினேன். அவர் புட்டியை வாங்கி மறுபடி கேனில் கொட்டினார். நீளக் கம்பியின் முனையில் வட்டத் தகடு வைத்த ஒரு கலக்கி இருக்கும். அதை என் கையில் கொடுத்தார். கேனின் அடிவரை இறக்கி மேலே இழு, பத்துத் தரம், பிறகு முக என்று காட்டினார்.

“மேலே இருக்கறது பாலோட பவுசு, நாச்சம்மா. கலக்கினாத்தான் பாலு.”

அவ்வளவுதான் என் படிப்பு. அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

சாம்பிள் மேசையோடு இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டில் மாடு பருவத்துக்குக் கத்துகிறது, எது காய்ச்சலில் படுத்திருக்கிறது, எது கன்று போடப்போகிறது என்று பால் ஊற்ற வரும் பெண்கள் என்னிடம்தான் சொல்வார்கள். நான் டாக்டருக்கும் சினை ஊசி போடுபவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலத்துக்குள் ஊசி போட வேண்டும். தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எழுத வராததால் ஒரு நோட்டில் என் அடையாளங்களைப் போட்டேன். பருவத்துக்கு வட்டம். ஊசி போட்டாயிற்றென்றால் வட்டத்துக்குள் புள்ளி. காய்ச்சலுக்குப் பெருக்கல் குறி. ஈனும் மாதத்துக்குக் கொம்பு இரண்டு. வீட்டுக்கு அடையாளம், குளத்துமேடு என்றால் ஒரு அலை, கள்ளுக்கடைப் பக்கம் என்றால் ஒரு பனைமரம். கீழே மாட்டின் நிறம். அந்த நோட்டு முப்பது வருஷத்தில் ஒரு பெட்டி நிறைய ஆனது. ஒரு அழைப்பும் தவறிப்போனதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன், மது, அப்படியே எழுது.

பெருமைக்குள் ஒரு பயமும் இருந்தது. அந்த நோட்டை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. மூட்டுவலி வந்து, வரும் ஓணத்தோடு நின்றுகொள்கிறேன் என்று நான் சொன்னதும் மாதவன் சார் கண்ணாடியை மடிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிறகு ஊரில் ஒரு மாடு ஈன முடியாமல் கிடந்தால் அந்தப் பெண் யாரிடம் சொல்வாள் என்பதுதான் இருவர் மனதிலும். அப்படித்தான் வெப் தளம் வாங்குவது என்று முடிவானது. வாங்குமுன் சோதித்துப் பார்க்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்களாம், பஸ் பலகை படிக்கத் தெரியாதவளிடமா என்று. சார் சொன்னாராம், இதைத் தொடப்போவது படித்த கை இல்லை, அதனால் படித்த கை சோதித்துப் பிரயோஜனமில்லை என்று.

நான்கு கம்பெனிகள் வந்தன. ஒவ்வொருவரும் ஆபீஸ் அறையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்த பெரிய போனில், அவர்களே வைத்திருந்த பசுவைக் காட்டினார்கள். எல்லாப் பசுவும் குளித்து மாலை போட்டிருந்தது. எல்லா டாக்டரும் உடனே வந்தார். எனக்கு முதல் நாள் புட்டி ஞாபகம் வந்தது. இது பவுசு. இன்னும் கலக்கவில்லை.

அதனால் நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். தளம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவே மாட்டேன். “எந்திரிங்க, போலாம்” என்பேன். வந்தவரைத் தகரக் கூரை போட்ட ஒரு மாட்டுக் கட்டுத்தறிக்குள் நிறுத்துவேன். அங்கே சிக்னல் வந்துவந்து போகும். திரை கீறின பழைய போன் ஒன்றை, சாணிக் கையோடு நிற்கிற ஒரு பெண்ணிடம் கொடுப்பேன். டாக்டரைக் கூப்பிடு என்பேன். பிறகு நானும் பேசமாட்டேன், கம்பெனிக்காரரையும் பேச விடமாட்டேன். அவர்களுக்கு அதுதான் பெரிய தண்டனை. ஒருவர், வாயில் வந்ததை அடக்க முடியாமல் வைக்கோல் போரைச் சுற்றி நடந்தார்.

இரண்டு தளங்கள் அந்தத் தகரக் கூரைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நின்றுவிட்டன. மூன்றாவது ரொம்ப அழகு. கொச்சியிலிருந்து வந்தது. அது உள்ளே போக ஒரு எண் கேட்டது. அந்த எண் வீட்டுப் போனுக்கு வரும். வீட்டுப் போன், வீட்டுக்காரரோடு கஞ்சிக்கோட்டு பாக்டரிக்குப் போயிருக்கும். அங்கே போனை வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஆக எண், பூட்டிய பெட்டிக்குள் வந்து யாரும் பார்க்காமல் காலாவதியாகும். இதைச் சொன்னபோது வந்தவர், பெண்களுக்குப் பழக்கம் போதாது, இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள் என்றார். பூட்டின பெட்டியைத் திறக்கப் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவருடைய காகிதத்தையும் சார் அடியிலிருந்து படித்தார். சங்கம் விலகினால் பதிவுகள் கம்பெனிக்கே என்று கடைசி வரியில் இருந்தது. “மாடு நம்மளோடது, கன்னு அவரோடதா?” என்று கண்ணாடியை மடித்தார்.

நான்காவது, கொழிஞ்சாம்பாறையிலிருந்து ரேவதி என்று ஒரு பெண் கொண்டுவந்தது. அவளும் தோழி ஒருத்தியும் சேர்ந்து செய்ததாம். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு பச்சைப் பொத்தான். தொட்டால் அது தமிழில் பேசும், நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும். எந்தப் போனிலிருந்தும் கூப்பிடலாம், எண் கிண் கேட்காது. எங்கள் பேச்சு அதற்குப் புரிந்தது. வீட்டை ஊடு என்றாலும் விளங்கிக்கொண்டது. சிக்னல் இல்லாவிட்டால் சொன்னதைப் பிடித்து வைத்து, வந்ததும் அனுப்பியது. தகரக் கூரையில் மூன்று தரம் தேறியது. ரேவதியும் நான் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தப்பு அங்கேதான் நடந்தது என்று இப்போது தெரிகிறது. பிடித்துவிட்டால் கலக்குகிற கை தளர்ந்துபோகிறது.

ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது, அதுவரை என் நோட்டும் கூடவே நடப்பது என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி முற்றத்தில் பெண்கள் எல்லோரையும் வரவழைத்துப் பதிவு போட்டேன். முதலில் நானே போனைக் கையில் எடுத்தேன். “உங்க பேரு சொல்லுங்க” என்றது. சொன்னேன். “உங்க கணவர் பேரு சொல்லுங்க” என்றது.

கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் அட்டையைக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். இங்கே நாற்பது பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னைப் போல அவர்களும் சொல்லாதவர்கள்தான். இளசுகள் சிலர் தனியாக இருந்தால் சொல்வார்கள். மாமியாரும் நாத்தனாரும் நிற்கிற முற்றத்தில் சொல்லமாட்டார்கள். நான் போனைக் கிட்டே வைத்து, “அவிங்க” என்றேன். “நன்றிங்க, பதிவாயிடுச்சு” என்றது போன். முற்றத்தில் ஒரே சிரிப்பு. அடுத்து வந்தவளும் அவிங்க என்றாள். அதற்கடுத்தவளும். சாயங்காலப் பால் வருவதற்குள் அத்தனை பேரையும் முடித்துவிட்டேன். தண்ணீரிலும் பாலிலும் ஒரே அளவில் மிதக்கிற லாக்டோமீட்டரைத் தூக்கி எறிந்திருக்கிறேன் நான். எதைச் சொன்னாலும் நன்றி சொல்கிற தளத்தைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வரவில்லை. வேகமாக முடித்தேன் என்று சந்தோஷமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். வெயில் முற்றத்தில் விழுந்து கிடந்தது. டாக்டர் மேடம் எனக்குப் போன் செய்தார். தளத்தில் அழைப்பு வந்து, கள்ளுக்கடைப் பக்கத்துத் தெய்வானை வீட்டுக்கு ஸ்கூட்டரில் போயிருக்கிறார். ஈன முடியாமல் கிடக்கிற மாடு என்று அழைப்பில் இருந்ததாம்.

“நாச்சம்மா, இங்க பசு சுகமா அசை போட்டுட்டு நிக்குது. என்னை ஆரு விளிச்சது?”

கூப்பிட்ட ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள். அவள் மாடு கிடக்கிறது. எங்கே என்று போனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நான் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். வட்டத்துக்குள் புள்ளி போட்ட நாளிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாள் எண்ணினேன். அந்த வாரம் கொம்பு போட்டது மூன்று. ஒன்று முந்தாநாளே ஈன்றது. சீம்பால் எனக்கே வந்தது. இன்னொன்று வேலந்தாவளம் சந்தையில் விற்றாயிற்று. மூன்றாவதுக்குப் பக்கத்தில் ஒரு அலை இருந்தது, கீழே சிவப்பு மையால் ஒரு கோடு. குளத்துமேடு, செவலை. அதுவும் ஒரு தெய்வானை வீடுதான், ஊரின் மறு கோடியில். டாக்டரிடம் வழி சொல்லிவிட்டு நானும் ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன்.

தெய்வானை தலைமாட்டில் உட்கார்ந்து செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க்குடம் உடைந்து நேரமாகிவிட்டது. ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

“டாக்டருக்குச் சொல்லியாச்சுன்னு அது சொல்லுச்சுங்க அக்கா,” என்றாள். “அத நம்பி ஒக்காந்திருக்கறனுங்க.”

டாக்டர் வந்து சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். கன்றின் இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. கன்றை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கின காலின் குளம்பை உள்ளங்கையால் மூடிப்பிடித்து நிமிர்த்தினார். குளம்பு கருப்பையைக் கிழிக்காமல் இருக்கத்தான் அந்த மூடல். பிறகு இரண்டு காலிலும் கயிறு போட்டார். மாடு முக்கும்போது மட்டும் இழு, நிறுத்தினால் நிறுத்து என்றார். நானும் தெய்வானையும் இழுத்தோம். எனக்கு மூட்டுவலி இருப்பதே அந்த நேரம் மறந்துபோயிற்று. கன்று வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. கிடேரி. டாக்டர் மூக்கைத் துடைத்து நெஞ்சைத் தேய்த்தார். அது ஒரு தும்மல் தும்மியது. செவலை திரும்பி நக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார். தெய்வானை, கணவர் பெயர் அவிங்க. கூப்பிடுகிறவள் பேரையும் கணவர் பெயரையும் வைத்துத்தான் தளம் வீட்டைத் தேடும்; இங்கே இரண்டு தெய்வானைக்கும் பேர் ஒன்று, கணவர் பெயரும் ஒன்று. தளம் முதலில் அகப்பட்ட தெய்வானை வீட்டைக் காட்டியிருக்கிறது. அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பழனியம்மாள், அவிங்க. சரஸ்வதி, அவிங்க. மாரியாத்தாள், எங்கூட்டுக்காரரு. மறுபடி அவிங்க.

“இதென்ன நாச்சம்மா, ஒரு ஊருக்கே ஒரே புருஷனா?”

தெய்வானை சிரித்துச் சிரித்துக் கன்றின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. அது என் தப்பு. முதலில் அவிங்க என்று சொன்னது என் வாய். இந்தத் தளம் சரியில்லை என்று சாரிடம் சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் என் வாய் ஞாபகம் இருக்காது. அந்த எண்ணம் எனக்கு வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே ரேவதி வந்து இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. முதல் நாள் அழைப்பையும், டாக்டர் இரண்டு இடம் போனதையும் அவளே பார்த்திருக்கிறாள். மாதவன் சாரும் இருந்தார். நான் முந்திக்கொண்டு, பதிவில் அப்படிச் சொன்னது நான்தான், என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சொன்னார்கள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“பதில் தப்பில்லீங்கம்மா. எங்க கேள்விதான் தப்புங்க. பழைய ரிஜிஸ்டர்ல அப்படி இருந்துச்சுன்னு யோசிக்காம வெச்சுட்டனுங்க.”

பிறகு அவள் ஆபீசில் உட்காரவில்லை. குளத்துமேட்டுக்குப் போய்த் தெய்வானையின் கட்டுத்தறியில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். நீங்கள் ஒருவர் வீட்டை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று வந்த பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். செவலை கட்டியிருக்கிற வீடு, கொம்பு உடைந்தவள் வீடு, குளத்துக்கு மேலே இரட்டைப் பனை வீடு என்றார்கள். ஒருத்திகூட வீட்டுக்காரர் பெயரை வைத்து வீடு சொல்லவில்லை. நான் பெட்டியிலிருந்து நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அலையையும் பனைமரத்தையும் பார்த்துவிட்டு அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “நான் கேட்க வேண்டியதெல்லாம் இதுல இருக்குதுங்களே” என்றாள்.

நான்கு நாளில் மாற்றிக்கொண்டு வந்தாள். இப்போது அது எந்தப் பக்கம், மாட்டுக்குப் பேரென்ன என்று கேட்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும், குளத்துமேடு, தெய்வானை, செவலை, சரிங்களா என்று. நாம் ஆமா என்றால்தான் போகும். டாக்டர் தன் போனில் வருகிறேன் என்று தொட்ட பிறகுதான் டாக்டர் வருகிறார் என்று சொல்லும். சொல்லியாச்சு என்று வெறுமனே ஆறுதல் சொல்லாது. மாதம் ஒரு தரம் பதிவு முழுவதையும் காகிதத்தில் எடுத்துச் சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த முறை நான் பிடித்திருக்கிறது பிடிக்கவில்லை எதையும் மனதில் வைக்காமல் கலக்கினேன். காது மந்தமான கிழவியிடம் கொடுத்தேன், மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறவளிடம் கொடுத்தேன், வேண்டுமென்றே மாட்டுக்குப் பதில் எருமை என்று சொல்லிப் பார்த்தேன். எருமையா, அப்படி ஒன்று உங்கள் வீட்டில் பதிவில்லையே என்று கேட்டது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல.

கமிட்டியில் கேட்டார்கள், தவறிப்போன தளத்தையே ஏன் எடுக்கச் சொல்கிறாய் என்று. நான் சொன்னேன்: “சந்தையில உதைக்காத மாடுன்னு எல்லாருந்தானுங்க சொல்லுவாங்க. உதைச்சதுக்கப்புறம் வித்தவங்க எங்க நிக்கறாங்கன்னு பாத்தனுங்க. ஒருத்தரு பயிற்சி குடுங்கன்னுட்டுப் போனாரு. இந்தப் புள்ள வாளி மேல வந்து ஒக்காந்துச்சு.” மாதவன் சார் நோக்காம் என்றார். காகிதத்தை மேலிருந்து படித்தார். அடியிலிருந்து படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

வந்து கேட்ட பெண்களுக்கு நான் சொல்வதும் இதுதான். அவர்கள் காட்டுவதைப் பார்க்காதீர்கள், நீங்கள் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பழைய நோட்டை உடனே மூடாதீர்கள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறதை நம்பாதீர்கள். கெட்டுப்போகும் நாளில் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அன்றைக்கு என் மடியில் விழுந்த கிடேரிக்குத் தெய்வானை ரேவதி என்றே பேர் வைத்தாள். அது வளர்ந்து, ஊசி போட்டு, போன மாதம் தலையீற்று ஈன்றது. அழைப்பு போய் டாக்டர் நேரே குளத்துமேட்டுக்கே வந்துவிட்டார். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வேலையில் இருந்தபோது கிடைத்ததில்லை.

இதோடு போதும். கட்டுரையின் கீழே பேரும், கணவர் பேரும் போட வேண்டும் என்று கூட்டத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்கிறாள் மது. கட்டிலில் படுத்திருக்கும் அவர் அதைக் கேட்டுவிட்டு, உங்கள் அம்மாயியைச் சொல்லச் சொல் பார்க்கலாம் என்று சிரிக்கிறார். நாச்சம்மாள், வெள்ளைப் பசு, மேட்டுத்தெரு என்று போடு. அது போதும், ஊருக்கே தெரியும். எங்கே அம்மிணி, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாக ஒரு தரம் வாசி. நடுவில் எங்கேயாவது வாய் தவறி அவிங்க பேர் வந்திருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும்.